தொட்டிப் புழுக்களின் நலன் கருதி

டிஜிட்டல் நுண்ணோக்கி மலைக்கு வந்து சேர்வதற்கு மூன்று நாள் முன்பே, அதைத் தொடக் கூடாது என்ற உத்தரவு வந்துவிட்டது.

ஜவ்வாது மலையில் கடுக்காமேடு என்றொரு ஊர். சாமை விளையும், புளி உலுக்குவார்கள். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் மழை இல்லாவிட்டால். அங்கே ஒரு தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்பு, இருபத்திமூன்று பிள்ளைகள், ஒரே ஆசிரியை. ஒடுகத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் ஏறி வரும் ஷோபனாதான் தலைமையாசிரியை, உதவி ஆசிரியை, எழுத்தர், மணியடிப்பவர் எல்லாம். தலைமையாசிரியை ஷோபனா உதவி ஆசிரியை ஷோபனாவுக்கு விடுப்பு தர மறுத்துவிட்டதால் இரண்டு வருடமாக அவர் லீவே எடுத்ததில்லை.

திட்டத்துக்கு ‘நுண்கண் இயக்கம்’ என்று பெயர். மலைப் பிள்ளைகளின் கண்களில் அறிவியல் ஒளியை ஏற்றுவதே நோக்கம் என்று அந்த உத்தரவோடு வந்த கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருந்தது. மீதிப் பதினேழு பக்கமும் ஒளியை எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்பதைப் பற்றியது. பெட்டியைத் திறக்கும் முன் ஒரு படம், திறக்கும்போது ஒரு படம், திறந்த பின் ஒரு படம் எடுத்து ‘நுண்கண்’ செயலியில் ஏற்ற வேண்டும். மூன்றிலும் பிள்ளைகள் வியப்போடு இருக்க வேண்டும். கடுக்காமேட்டுப் பிள்ளைகள் முதல் படத்திலேயே தங்களிடமிருந்த வியப்பையெல்லாம் செலவழித்துவிட்டார்கள். மூன்றாவது படத்துக்காக ஷோபனா ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, குரங்கு சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

நுண்ணோக்கி மேல் நமக்கு எந்தக் குறையும் இல்லை. அது பாவம், கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்ன டார்ச் லைட் போல இருந்தது. ஒயரை டேப்லெட்டில் செருகிவிட்டு எதன் மேல் வைத்தாலும் திரையில் பூதாகரமாகக் காட்டும். சாமை மணி ஒன்றை வைத்தால் பூசணிக்காய் அளவு தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் பூஜா தன் தலையிலிருந்து ஒரு பேனைப் பிடித்து வைத்தாள். அதற்கு ஆறு கால் என்று அன்றைக்குப் பள்ளிக்கூடமே எண்ணிக் கற்றுக்கொண்டது. மறுநாள் ஆளாளுக்கு ஒரு பேனோடு வந்தார்கள். யார் பேன் பெரியது என்று சண்டை. பிள்ளைகள் ஐந்து வகுப்பும் சேர்ந்து ஒன்றை முட்டிமோதிப் பார்த்ததை ஷோபனா அன்றுதான் பார்த்தார், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் பேன் பட்டியலில் இல்லை. எந்த வாரம் எதைப் பார்க்க வேண்டும் என்று செயலியில் பட்டியல் இருந்தது. பார்க்கும் பொருளுக்கு ‘மாதிரி’ என்று பெயர். முதல் வாரம் வெங்காயத் தோல். இரண்டாம் வாரம் செம்பருத்தி மகரந்தம். மூன்றாம் வாரம் கடற்பாசி, ‘அருகிலுள்ள கடற்கரையில் சேகரித்துக்கொள்ளவும்’. கடுக்காமேட்டுக்கு மிக அருகிலுள்ள கடற்கரைக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். ஷோபனா பாறைமேல் படிந்திருந்த பாசியைச் சுரண்டி வைத்துப் பார்த்தார். ‘இது கடலில் எடுக்கப்பட்டதல்ல’ என்று செயலி எப்படியோ கண்டுபிடித்து ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டது.

நான்காம் வாரம் குடிநீர். ‘எதிர்பார்க்கப்படும் காட்சி: ஒன்றும் தெரியாது. குடிநீர் தூய்மையானது என்பதை மாணவர் உணர்வர்’ என்று எழுதியிருந்தது.

இங்கே தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டி. ஓடையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்து விழும். மூடி கிடையாது. இலை விழும், குரங்கு குளிக்கும். ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை இறங்கி, துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவார்கள். பத்து நாள் நன்றாக இருக்கும். மூடியும் வடிகட்டியும் கேட்டு ஷோபனா மூன்று வருடத்தில் ஐந்து மனு கொடுத்திருந்தார். ஒரு அலுவலகம், தொட்டி எங்களுடையது, பள்ளி எங்களுடையது அல்ல என்றது. இன்னொன்று, பள்ளி எங்களுடையது, தண்ணீர் எங்களுடையது அல்ல என்றது. கடைசியாக வந்த பதில்தான் விவரமானது. தண்ணீர் அசுத்தமானது என்பதற்கான ஆதாரம் மனுவுடன் இணைக்கப்படவில்லை, ஆகவே மனு முடித்து வைக்கப்படுகிறது.

பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அது ஆதாரம் ஆகாதாம், விடுப்பாம்.

நான்காம் வாரத் திங்கட்கிழமை ஷோபனா தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டார். நுண்ணோக்கியை வைத்தார். திரையில் முதலில் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு குறுக்கே போனது. பிறகு உடம்பெல்லாம் மயிர் முளைத்த ஒன்று. பிறகு நூல் மாதிரி ஒன்று சுருண்டு நிமிர்ந்து சுருண்டது. பின்னாலேயே ஒரு கூட்டம். பிள்ளைகள் கைதட்டினார்கள், பெயர் வைத்தார்கள். மயிர் முளைத்ததற்குக் கரடி, சுருண்டதற்கு முறுக்கு. பூஜா மட்டும் கைதட்டவில்லை.

“டீச்சர், இதத்தான் காலைல நான் ஒரு சொம்பு குட்ச்சேன். உள்ள போய் அது இன்னா பண்ணும்?”

ஷோபனாவுக்குப் பயமாக இருந்தது. அதே நேரம், வெளியே சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. மூன்று வருடமாகக் கேட்ட ஆதாரம் அவர் கண்ணெதிரே வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

படம் ஏற்றுவதற்குக் கோயில் பாறை மேல் ஏற வேண்டும், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஷோபனா ஏறினார். செயலியில் ‘மாதிரியின் தரம்’ என்று கேட்டு மூன்று கட்டம் இருந்தது: சுமார், நன்று, மிக நன்று. ஆபத்து என்று கட்டமே இல்லை. வீடியோவை ஏற்றிவிட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் ‘இது பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர். அவசரம்’ என்று எழுதினார். செயலி ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு திரை முழுக்க வண்ணக் காகிதம் சிதற, ஐந்து நட்சத்திரம் கொட்டியது.

இரண்டே நாளில் ஜீப் வந்தது. மூன்று வருடமாக மனுவுக்கு ஏறாத ஜீப். இறங்கியவர் வெற்றிவேல், நுண்கண் இயக்கத்தின் ஒன்றிய ஒருங்கிணைப்பாளர். அவர் கையில் பூங்கொத்து இருந்தது. விஷயம் இதுதான். மாவட்டம் முழுக்க எல்லாப் பள்ளிகளும் வெங்காயத் தோலையே மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தன. அசையும் மாதிரிக்குத்தான் மதிப்பெண் அதிகம். அசையும் மாதிரியோ எங்கும் கிடைக்கவில்லை.

“இன்னா மேடம் நீங்க, இப்டி ஒரு சாம்பிள வெச்சிக்கினு இத்தினி நாளு கம்முனு இருந்திருக்கீங்களே” என்றார் வெற்றிவேல் நெகிழ்ந்துபோய்.

கம்மென்று இருக்கவில்லை, ஐந்து மனு கொடுத்திருக்கிறேன் என்று ஷோபனா சொன்னார். நகல்களையும் காட்டினார். வெற்றிவேல் அவற்றைப் புரட்டிப் பார்த்து, மனுவில் புழுக்களின் அசைவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று குறைபட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்கள் தொட்டி கழுவப்போகிறார்கள் என்று ஷோபனா சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. மாநில இயக்குநரே நேரில் பார்க்க விரும்புகிறாராம். அதுவரை தொட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. தினமும் காலை பத்து மணிக்குத் தொட்டியைப் படம் எடுத்து, ஒரு சொட்டில் எத்தனை என்று எண்ணி அனுப்ப வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் தலைமையாசிரியைதான் பொறுப்பு. அப்புறம் பிள்ளைகள் எதைக் குடிப்பது என்று ஷோபனா கேட்டார். அது தன் திட்டத்தில் வராது என்று வெற்றிவேல் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

போகும்போது தொட்டியின் மேல் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். ‘நுண்ணுயிர் வள மையம். இங்கே கை கழுவக் கூடாது.’

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்தின் மற்ற பள்ளிகள் கடுக்காமேட்டிலிருந்து அசையும் மாதிரி பெற்றுப் பயனடைய வேண்டும். ஆசிரியர்கள் காலி பாட்டிலோடு மலையேற ஆரம்பித்தார்கள். காலை பஸ்ஸில் பத்துப் பேர் வந்து வரிசையில் நின்று, புழுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் இறங்கினார்கள். பஸ் குலுங்கி அவை செத்துவிடுகின்றன என்று ஒரு ஆசிரியர் பாட்டிலை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டே போனார். அடிவாரத்துப் பள்ளி ஒன்று நெல் வயல் தண்ணீரைப் பிடித்துக் கடுக்காமேட்டுத் தண்ணீர் என்று காட்டி மாட்டிக்கொண்டது. அதன்பிறகு ஷோபனா ஒவ்வொரு பாட்டிலிலும் ‘அசல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பாடம் நடத்த நேரம் இல்லை. நுண்ணோக்கியைப் பிள்ளைகள் தொடவும் முடியவில்லை, அது இப்போது தினசரிக் கணக்கெடுப்புக்கு மட்டும்.

ஊரில் கோபம் இருந்தது. பூஜாவின் அப்பா கோவிந்தன், தொட்டியில் இறங்கிக் கழுவுபவர்களில் முதல் ஆள், இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். அரை நாள் வேலை, நாங்கள் கழுவிவிட்டுப் போகிறோம், யார் என்ன செய்துவிடுவார்கள் என்றார். ஷோபனா கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார். இயக்குநர் வந்து பார்த்தால் நிச்சயம் நல்லது நடக்கும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். பன்னிரண்டு வருடம் அரசாங்க வேலை பார்த்தும் இப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சமைக்கும் ரத்தினம்மாள் தன் பங்குக்குப் பெரிய குண்டான் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஒருநாள் தொட்டிப் படத்தின் ஓரத்தில் அந்தக் குண்டான் ஆவி பறக்கத் தெரிந்துவிட்டது. உடனே வெற்றிவேலிடமிருந்து போன். இப்படிக் கொதிக்க வைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை மாதிரிகள் வீணாகின்றன என்று கணக்குத் தரும்படி கேட்டார். ஷோபனா போனை வைத்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவர் மனதில் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

கொதிக்க வைத்த தண்ணீர் மத்தியானத்தில் தீர்ந்துவிடும். விளையாடிக் களைத்த பிள்ளைகள் நேராகக் குழாயில் வாயை வைத்துவிடுவார்கள். தொட்டி கழுவி ஐம்பது நாள் ஆகியிருந்தது. பூஜாவுக்கு ஒரு புதன்கிழமை பேதி ஆரம்பித்தது. வியாழக்கிழமை அவள் கண் குழி விழுந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. கோவிந்தன் அவளைத் துணியால் முதுகோடு கட்டிக்கொண்டு பைக்கில் மலையிறங்கினார். ஷோபனா பள்ளியை ரத்தினம்மாள் பொறுப்பில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் பின்னாலேயே போனார்.

சுகாதார நிலையத்தில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். என்ன தண்ணீர் குடிக்கிறது பிள்ளை என்றும் கேட்டார். மணி பத்தானதும் ஷோபனாவின் போன் தானாகவே கத்தியது. தொட்டிப் படம் இன்னும் வரவில்லை என்று செயலி நினைவூட்டியது.

கோவிந்தன் அந்தச் சத்தம் நிற்கும் வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“தெனம் புழுவ எண்ணி அனுப்பறீங்களே டீச்சர், எம் பொண்ணு நேத்து எத்தினி வாட்டி வெளிய போனான்னு யாராச்சும் எண்ணுனாங்களா?”

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஷோபனா வராண்டாவுக்கு வந்து அழுதார். ஆத்திரம் வெற்றிவேல் மேல் பாதி, தன் மேல் பாதி. அழுது முடித்ததும், மனதில் போய் உட்கார்ந்திருந்த அந்தக் கேள்வி எழுந்து நின்றது. வெற்றிவேல் பிள்ளைகளைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. வீணாகும் மாதிரிகளைப் பற்றித்தான் கேட்டார். அப்படியானால் அவர்களிடம் மனு யாருக்காகக் கொடுக்க வேண்டும்?

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஆறாவது மனுவை எழுதினார்.

‘பொருள்: தொட்டிப் புழுக்களின் நலன் கருதித் தனித் தொட்டி வேண்டுதல். ஐயா, எம் பள்ளியின் உயிர் மாதிரிகள் கடும் ஆபத்தில் உள்ளன. மாணவர் இருபத்திமூவர் நாள்தோறும் தொட்டி நீரை அருந்துவதால் ஒரு மாணவரால் சராசரியாக நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான மாதிரிகள் விழுங்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் உயிரோடு திரும்புவதில்லை. இந்நிலை நீடித்தால் இயக்குநர் வருகைக்குள் மாதிரிகள் அழிந்துவிடும் அபாயம் உள்ளது. எனவே மூடியும் வடிகட்டியும் கொண்ட புதிய தொட்டி ஒன்றை மாணவர்களுக்கு வழங்கி, மாதிரிகளை அவர்களிடமிருந்து காப்பாற்றுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’

மூன்று வருடம் ஐந்து மனுவுக்கு அசையாத இடம் ஒன்பது நாளில் அசைந்தது. அவசரம், மிக அவசரம் என்று இரண்டு முத்திரை குத்தி அனுமதி வந்தது. லாரியில் புத்தம் புதிய தொட்டி வந்தது. மூடி, பூட்டு, மூன்றடுக்கு வடிகட்டி, எவர்சில்வர் குழாய், வெயில் படாமல் தகரக் கூரை. ஷோபனா ரத்தினம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூஜா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள், எலும்பும் தோலுமாக.

சிரிப்பு நிலைக்கவில்லை. அனுமதி உத்தரவின் இரண்டாம் பக்கத்தில் விவரம் இருந்தது. நிதி மாதிரிப் பாதுகாப்புத் தலைப்பில் ஒதுக்கப்பட்டது. ஆகவே புதிய தொட்டி மாதிரிகளுக்கு மட்டுமே. பழைய தொட்டியின் நீர் முழுவதும் புதியதற்கு மாற்றப்பட்டபின் பழையது இடித்து அகற்றப்படும். மாணவர்கள் குடிநீருக்குத் தக்க மாற்று ஏற்பாட்டைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும்.

திறப்பு விழாவுக்கு மாநில இயக்குநர் வந்தார். பாட்டில் தண்ணீர் இரண்டு பெட்டி அவரோடு வந்தது. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக உட்காரவைத்து, வெற்றிவேல் ஒவ்வொருவர் கையிலும் புழுப் படம் போட்ட காகிதக் கொடியைக் கொடுத்தார். பழைய தொட்டியின் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் மொண்டு, நாதஸ்வரம் ஒலிக்க எடுத்து வந்தார்கள். இயக்குநர் முதல் குடத்தை வாங்கித் தன் கையாலேயே புதிய தொட்டியில் ஊற்றினார். மீதியை மோட்டார் போட்டு மாற்றினார்கள். பழைய தொட்டியை மத்தியானத்துக்குள் இடித்து, கல்லைக்கூட லாரியில் ஏற்றிவிட்டார்கள். அரசாங்கம் அவ்வளவு வேகமாக ஒரு வேலையை முடித்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

இயக்குநர் பேசினார். நல்ல குரல் அவருக்கு.

“வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்தச் சின்னஞ்சிறு உயிர்கள் நம்மிடம் ஏதாவது கேட்டனவா? மனு கொடுத்தனவா? இல்லை. கேட்காதவர்களுக்குச் செய்வதுதான் நல்ல நிர்வாகம். கேட்பவர்களிடம் நாம் ஆதாரம் கேட்போம், அது வேறு. இன்று முதல் இவற்றுக்கு மூடி உண்டு. வடிகட்டி உண்டு. நிழல் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழுவும் உண்டு. இந்த மலையில் இனி ஒரு புழுகூடச் சுத்தமான தண்ணீர் இல்லாமல் தவிக்கக் கூடாது. அதுவே என் கனவு.”

கைதட்டல் எழுந்தது. ஒரு பிள்ளை தாகம் எடுத்துத் தண்ணீர் கேட்டது. விழா முடியட்டும் என்று வெற்றிவேல் கண்ணைக் காட்டினார். விழா முடிந்தபோது இயக்குநரின் பாட்டில்கள் ஜீப்பில் ஏறிவிட்டன. தொட்டியின் சாவியை வெற்றிவேல் ஷோபனாவிடம் ஒப்படைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஜீப் வளைவில் மறைந்தது. கோவிந்தனும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். யாரும் அதில் கை வைக்கவில்லை. வைத்தால் டீச்சருக்கு வேலை போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஷோபனாவுக்கும் தெரியும். அவருக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, மாமியாருக்கு டயாலிசிஸ் இருக்கிறது. மெமோ என்றாலே பயப்படும் ஆள் அவர்.

அவர் போய்த் தொட்டியின் அடியிலிருந்த குழாயைத் தன் கையாலேயே திறந்துவிட்டார். கரடி, முறுக்கு, வால் ஆட்டுவது எல்லாம் கலந்து, நாதஸ்வரத்தோடு வந்த தண்ணீர் கோவிந்தன் நிலத்துச் சாமைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்கள் உள்ளே இறங்கி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள். ஓடைக் குழாயை வடிகட்டியில் இணைத்தார்கள். இரண்டு நாள் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினார்கள். மூன்றாம் நாள் ஷோபனா ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் ஏமாற்றத்தோடு கலைந்து போனார்கள். ஷோபனா மட்டும் அந்த வெறும் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவு அழகான காட்சியை அவர் பார்த்ததே இல்லை.

தினசரி எண்ணிக்கையில் பூஜ்யம் என்று எழுதி அனுப்பினார். பொய் எழுத அவருக்கு வரவில்லை. நாலாம் நாள் மெமோ வந்தது. அரசு உயிர் மாதிரிகளைக் கவனக்குறைவாகக் கையாண்டு அழியவிட்டதற்காக ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். கூடவே ஒரு படிவம். ‘தொட்டி நீரைச் சார்ந்து வாழும் உயிரினங்கள் தற்போது எஞ்சியுள்ளனவா? ஆம் எனில் பெயர், எண்ணிக்கை, உடல்நிலை, அசைவு.’

ஆறு நாள் ஷோபனாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டார். இருபத்திமூன்று பெயருக்கும் பதில் வந்தது. விழாவுக்குப் பிறகு ஒருவருக்கும் வயிற்று வலி இல்லை. அவர் பேனாவை எடுத்தார். எஞ்சியுள்ளனவா என்ற இடத்தில் ‘ஆம்’ என்று எழுதினார். எண்ணிக்கை, இருபத்திமூன்று. கீழே பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக எழுதினார், ஒன்றாம் வகுப்பு ஆனந்தனிலிருந்து ஐந்தாம் வகுப்பு நிவேதா வரை. உடல்நிலை, நலம். அசைவு, அதிகம். கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரை குத்தி, பாறை மேல் ஏறி அனுப்பிவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தபோது பயத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. வெற்றிவேல். ஷோபனா இன்னும் பாறையை விட்டு இறங்கியிருக்கவில்லை.

வெற்றிவேலின் குரலில் அப்படி ஓர் உற்சாகம். இருபத்திமூன்று வகையா, மாவட்டத்தில் எங்குமே இத்தனை இல்லையே, இயக்குநருக்கு அனுப்பிவிட்டேன், அவர் மொத்தத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார், மெமோவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மறந்துவிடுங்கள் என்று கொட்டித் தீர்த்தார். பட்டியலைப் படித்தீர்களா என்று ஷோபனா தயங்கித் தயங்கிக் கேட்டார். மொத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், உள்ளே போக நேரமில்லை என்றார். ஆண்டறிக்கையின் அட்டையில் போட ஒன்றே ஒன்று வேண்டுமாம்.

“இருக்கறதுலயே எது மேடம் ரொம்ப ஆக்டிவ்? பேர் மட்டும் சொல்லுங்க, போட்டுடலாம்.”

ஷோபனா பாறை மேலிருந்து கீழே பார்த்தார். மைதானத்தில் ஒருத்தி ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடமே அவளைத் துரத்திக்கொண்டு ஓடியது. அவள் புதுத் தொட்டியைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்து, குழாயில் வாய் வைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, பிடிபடாமல் மறுபடி ஓடினாள்.

“பூஜாங்க சார்” என்றார் ஷோபனா. “ஒரு எடத்துல நிக்கவே மாட்டேங்குது.”